கோட்டுக்கு வெளியே ஒன்றரை இஞ்சு

செவ்வாய்க்கிழமை காலையில் என் மகள் ஒரு கட்டுத் தாள்களைக் கொண்டுவந்து தையல் மிஷின் மேல் போட்டாள். போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "இதை வச்சு ஒரு டிரெஸ் தச்சுத் தர முடியுமாம்மா?" என்று கேட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் அவளுக்குப் பெங்களூருக்கு ரயில். திங்கட்கிழமை அங்கே வேலையில் சேர வேண்டும். சேருகிற அன்றைக்குப் போட்டுக்கொள்ளத்தான் கேட்டாள்.

முடியுமா என்று என்னைக் கேட்டதே முதலில் சுருக்கென்றது. சமயநல்லூரில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊர்ப் பெண்களுக்கும், பஸ்ஸில் வந்து இறங்குகிற சோழவந்தான் பெண்களுக்கும் ஜாக்கெட்டும் சுடிதாரும் தைத்துக்கொண்டிருக்கிறேன். முகூர்த்தத்தன்று விடியற்காலையில் கல்யாணப் பெண்ணுக்குக் கொக்கி வைத்துக் கொடுத்தவள் நான். ஆனால் சுருக்கென்றது ஒரு நிமிஷம்தான். அதற்கப்புறம் வேறொன்று உறைத்தது. காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து நான் தைத்த எதையும் அவள் போட்டதில்லை. நாலு வருஷம் கழித்து அவளாகவே வந்து கேட்கிறாள்.

ஏன் போடுவதில்லை என்று ஒரு தடவை சண்டை போட்டே கேட்டிருக்கிறேன். அவள் சண்டை போடாமல் பதில் சொன்னாள். "நீ தைக்கிறது எதுவுமே எனக்குச் சரியா இருந்தது இல்லம்மா. போடுற அன்னைக்குத் தொளதொளன்னு இருக்கும். சரியாகுறப்ப அது பழசாயிரும்." அவள் சொன்னதில் பொய்யில்லை. ஆறாம் வகுப்புக்கு நான் தைத்த யூனிபார்ம் பாவாடையில் உள்ளே மூன்று மடிப்புப் பிடித்திருந்தேன். அப்படியும் அது கணுக்காலைத் தொட்டது. வருஷத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரித்துவிட்டால் ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் தாங்கும் என்பது என் கணக்கு. வகுப்பில் அவளுக்கு 'கூடாரம்' என்று பேர் வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிய வந்தது.

செவ்வாய்க்கிழமையே அவள் இன்னொன்றும் சொல்லிவிட்டாள். போனில் ஒரு படத்தைக் காட்டினாள், கறுப்பில் ஒரு டிரெஸ். "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியா வரலைன்னா சொல்லிரும்மா, ஒண்ணும் நெனைக்க மாட்டேன். இதை ஆர்டர் போட்டுருவேன். பெங்களூரு அட்ரஸுக்கே வந்துரும்." ஒண்ணும் நினைக்க மாட்டேன் என்றதுதான் என்னைப் பிடித்து ஆட்டியது. இதையும் அவள் போடாமல் போனால் இனி என் தையல் அவள் உடம்பில் ஏறப்போவதே இல்லை என்று எனக்குப் பட்டது. அந்த வாரம் முழுக்க ஒரு இடத்தில் என்னால் உட்கார முடியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மிஷினுக்கு வருவேன், மிஷினில் உட்கார்ந்ததும் பால் ஞாபகம் வரும்.

தாள்களைப் பிரித்துப் பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை. நான் ஆளை அளந்து, நோட்டில் எழுதி, துணி மேலேயே சாக்கட்டியால் வரைந்து வெட்டுகிறவள். இதில் ஒவ்வொரு தாளிலும் துண்டு துண்டாக வளைவுகள், அம்புகள், முக்கோணங்கள், வட்டங்கள். துணி வெட்டுவதற்கான மாதிரித் தாளாம்; யாரோ ஒரு ஊரில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வரைந்ததை இவள் இறக்கி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வந்திருக்கிறாள். எழுதியிருந்ததெல்லாம் இங்கிலீஷ். அவளுக்கு இங்கிலீஷ் தெரியும், தையல் தெரியாது. எனக்குத் தையல் தெரியும், இங்கிலீஷை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். இரண்டு பேருமாகச் சேர்ந்தால்தான் ஒரு ஆள்.

முதல் தாளில் ஒரு சதுரம் இருந்தது. "இது ஒரு பக்கம் பத்து சென்டிமீட்டர் இருக்கணும்னு போட்டுருக்கும்மா. அப்பத்தான் மத்ததெல்லாம் சரியா அச்சாயிருக்குன்னு அர்த்தமாம்." இஞ்சு டேப்பைப் புரட்டினேன். அதன் மறுபக்கத்தில் சென்டிமீட்டர் இருப்பது எனக்குத் தெரியும், ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பக்கத்துக்கு நான் போனதே இல்லை. வைத்துப் பார்த்தேன். ஒன்பதரைதான் இருந்தது.

அப்படியே தாள்களை வாரிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் எனக்கு மூத்தவர், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். "தாள்ல அடங்கணும்லம்மா, அதான் லேசாச் சுருக்கி அடிச்சேன். அரை சென்டிமீட்டர்ல என்ன குடியா முழுகிப் போச்சு?" என்றார்.

"அண்ணே, பத்துக்கு அரைன்னா கழுத்துக்கு எம்புட்டுக் குறையும்? உங்க சட்டைக் காலரை அந்தக் கணக்குல குறைச்சுத் தச்சுத் தாரேன், போட்டுப் பாக்குறீகளா?"

அவர் கை அவரை அறியாமல் காலர் பட்டனுக்குப் போனது. எல்லாவற்றையும் திரும்ப அச்செடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து சதுரத்தை அளந்தேன். பத்து. எனக்கு அந்தத் தாள்கள் மேல் முதல் முறையாக மரியாதை வந்தது. தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ள ஒரு சதுரத்தையும் சேர்த்து அனுப்புகிற ஆள் லேசுப்பட்ட ஆள் இல்லை.

புதன்கிழமை ஹால் தரை முழுக்கத் தாள்களைப் பரப்பி ஒட்டினோம். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் அரை டைமண்டும் ஒரு எண்ணும் இருந்தன. பக்கத்துத் தாளின் அரை டைமண்டோடு சேர்ந்தால் முழுசாகும். ஃபேன் போட்டால் தாள் பறக்கும் என்பதால் நிறுத்திவிட்டோம். மூக்கிலிருந்து வேர்வை சொட்டியது. மத்தியானம் சாப்பிட வந்த என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று, "உள்ள வரலாமா, இல்ல இப்படியே ஆபீஸுக்குத் திரும்பிப் போயிரட்டுமா?" என்றார். சுவர் ஓரமாக நடந்து போய் அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஒட்டி முடித்ததும் குறிகள் பேச ஆரம்பித்தன. நீளமான நேர் அம்பு, துணியின் கரைக்கு நேராகப் போக வேண்டும் என்கிறது. அதை மகள் படித்துச் சொல்வதற்கு முன்னாலேயே நான் சொல்லிவிட்டேன். கரைக்கு நேராக வைக்காத துணி இரண்டு தடவை துவைத்ததும் முறுக்கிக்கொள்ளும், அது எந்த ஊரிலும் அப்படித்தான். இரண்டு முனையும் மடங்கிய அம்பு, இங்கே துணியை மடித்து அந்த மடிப்பில் வை என்கிறது. சின்ன வட்டம், உடம்போடு படியத் துணியைக் கூம்பாகப் பிடித்துத் தைக்கிற டாட் முடிகிற இடம். ஓரத்து முக்கோணங்கள், வெட்டிய துண்டுகளைச் சேர்க்கும்போது ஒன்றோடொன்று சந்திக்க வேண்டிய இடங்கள். நான் கத்திரி நுனியால் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுக் கொடுப்பேனே, அதேதான். ஆனால் இதில் கையின் முன்பக்கத்துக்கு ஒரு முக்கோணம், பின்பக்கத்துக்கு இரண்டு. கையை மாற்றி வைத்துத் தைக்கவே முடியாது. தொழில் பழகின புதிதில் எத்தனை கையை மாற்றித் தைத்துப் பிரித்திருப்பேன்! இது அப்போதே யாராவது சொல்லித் தந்திருக்கக் கூடாதா என்று கோபம்கூட வந்தது.

இடுப்புக்கு மேலே குறுக்காக இரண்டு கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. "நீளத்தைக் கூட்டணும்னா, குறைக்கணும்னா இங்க வெட்டிச் செய்யின்னு போட்டுருக்கு," என்றாள். என் மகள் குள்ளம், என்னைப் போல. தாளில் பேர் போட்டிருந்த, இதை வரைந்த அம்மாள் குள்ளமானவர்களையும் நினைத்துப் பார்த்திருக்கிறாள் என்று எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. ஒரு இஞ்சு குறைத்துக்கொள்ள முடிவு செய்தோம்.

அளவுகளுக்குத் தகுந்த மாதிரி ஒவ்வொரு ஓரத்திலும் ஆறு கோடுகள், ஒன்றுக்கு வெளியே ஒன்றாக. ஒன்று முழுக்கோடு, ஒன்று புள்ளிக்கோடு, ஒன்று கோடும் புள்ளியுமாக. மகளை நிறுத்தி மார்பு, இடுப்பு, பின்பக்கம் அளந்தேன். கடைசியாக அவளை அளந்தது பத்தாம் வகுப்பில். போனைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கி நின்றாள். மூன்றாவது கோடு என்று வந்தது. "அந்தக் கோட்டோட தாளை வெட்டிரும்மா," என்றாள். ஆறு கோடு இருக்கிற தாளை மூன்றாவதோடு வெட்டி வெளியே இருப்பதைக் குப்பையில் போட எனக்கு மனசு வரவில்லை. அடியில் பழைய நியூஸ்பேப்பரை விரித்து, பல் வைத்த சின்னச் சக்கரத்தை மூன்றாவது கோட்டின் மேல் உருட்டி, அதைப் படியெடுத்து அதை வெட்டிக்கொண்டேன். அசல் தாளைச் சுருட்டி பீரோ மேல் வைத்தேன்.

இவ்வளவு தூரம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. வியாழக்கிழமை துணியை விரித்தேன். மதுரையில் விளக்குத்தூண் பக்கம் போய் இரண்டு பேருமாக எடுத்த கருநீலத் துணி. நியூஸ்பேப்பரை மேலே வைத்துச் சாக்கட்டியைக் கையில் எடுத்தபோது மகள் இன்னொரு வரியையும் படித்தாள். தையலுக்கான துணி இந்தக் கோட்டுக்குள்ளேயே சேர்ந்திருக்கிறது, ஒன்றரை சென்டிமீட்டர், வேறு எதுவும் சேர்க்க வேண்டாம் என்று போட்டிருந்தது. சரி என்று தலையாட்டினேன். அவள் குளிக்கப் போனாள்.

ஒன்றரை சென்டிமீட்டர் என்றால் அரை இஞ்சுக்குக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான். எங்கள் பக்கத்துப் பெண்கள் தைத்த ஜாக்கெட்டை வாங்கினதும் வெளிப்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார்கள். உள்பக்கத்தைத் திருப்பி, பக்கத் தையலை விரலால் விரித்து, "உள்ள எம்புட்டு விட்டுருக்கே?" என்பார்கள். ஒன்றரை இஞ்சாவது இருக்க வேண்டும். கல்யாணம் ஆனால் உடம்பு வைக்கும், பிள்ளை பெற்றால் வைக்கும், ஒரு பட்டு ஜாக்கெட் பத்து வருஷம் உடம்போடு கூடவே வர வேண்டும். உள்ளே துணி விடாத டெய்லரிடம் யாரும் இரண்டாம் தடவை வரமாட்டார்கள். கஞ்சத்தனம் என்றுகூட இல்லை, மிச்சத் துணியைத் திருடிக்கொண்டாள் என்றே பேர் வந்துவிடும்.

குள்ளத்தை நினைத்தவள் குண்டாவதை நினைக்காமல் விட்டுவிட்டாளே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. என் பிள்ளை தனியாகப் போகிறாள். மெஸ்ஸில் சாப்பிடுவாள், நாள் முழுக்க நாற்காலியில் உட்காருவாள். இறுக்கினால் அங்கே யாரிடம் போய் நிற்பாள்? கை தன் பாட்டுக்குக் கோட்டுக்கு வெளியே ஒன்றரை இஞ்சு தள்ளிச் சாக்கட்டியை இழுத்தது. பக்கவாட்டில் மட்டும் இல்லை. தோளுக்குக் கீழே கைக்குழியில் தொடங்கி மார்பின் மேல் வளைந்து கீழே இறங்குகிற அந்த நீளத் தையலிலும் தள்ளினேன். முக்கோணங்களையும் அப்படியே புதிய ஓரத்துக்கு நகர்த்தினேன். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் வெட்டி முடித்துவிட்டேன். அவசரமாக வெட்டியதிலேயே தெரியவில்லையா, செய்வது தப்பென்று எனக்கே உள்ளுக்குள் தெரியும். ராத்திரி தைக்கும்போது தையலை மட்டும் அவள் அளவுக்கே ஓட்டினேன், தள்ளி வெட்டிய துணி உள்ளே நின்றது.

வெள்ளிக்கிழமை காலை அவள் போட்டுப் பார்த்தாள். இடுப்பில் அளவு சரியாகவே இருந்தது. ஆனால் மார்பின் மேல் வளைவு சுருங்கிச் சுருங்கி நின்றது. பக்கங்களில் துணி உள்ளே மடங்கி அட்டை வைத்த மாதிரி விறைத்தது. அவள் கண்ணாடியில் இடப்பக்கம் திரும்பினாள், வலப்பக்கம் திரும்பினாள். கழற்றினாள். பிறகு என் வாடிக்கையாளர்கள் செய்வதைத்தான் அவளும் செய்தாள். உள்பக்கத்தைத் திருப்பி, தையலை விரித்தாள்.

"இது என்னம்மா?"

"துணி."

"தெரியுது. எதுக்கு?"

"நாளப்பின்ன கொஞ்சம் உடம்பு வச்சா பிரிச்சு விட்டுக்கிறலாம்ல. வளர்ற பிள்ளை..." வாயிலிருந்து வந்தபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. டிரெஸ்ஸை மடித்து மிஷின் மேல் வைத்தாள். "அம்மா, எனக்கு இருபத்திரண்டு வயசு. நான் இனிமே வளர மாட்டேன்மா."

போனைக் கையில் எடுத்தாள். கறுப்பு டிரெஸ் திரையில் வந்தது எனக்கும் தெரிந்தது. "மத்தியானம் வரைக்கும் குடு," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் போனைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வெளியே போனாள். ஆர்டர் போடவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை.

தையலைப் பிரிக்க உட்கார்ந்தேன். பிரிக்கப் பிரிக்கத்தான் புத்தியில் ஏறியது. குறிகளையெல்லாம் சரியாகத்தான் புரிந்துகொண்டேன், கோட்டை மட்டும் மதிக்கவில்லை. வளைவான ஓரத்தை வெளியே தள்ளினால், வெளிப்பக்கம் வளைந்த துண்டுக்கு ஓரம் நீளும், உள்பக்கம் வளைந்த துண்டுக்குக் குறுகும். அந்த ஓரத்தில் முக்கோணத்தோடு முக்கோணத்தைச் சேர்த்துப் பிடித்தால், தையல் ஓடுகிற இடத்தில் துணி எப்படிப் பொருந்தும்? ஒரு பக்கம் மிச்சமாகிச் சுருங்கத்தான் செய்யும். அந்த அம்மாள் ஒவ்வொரு முக்கோணத்தையும் அளந்து அளந்து வைத்திருக்கிறாள். நான்தான் அவளைவிட எனக்கு என் பிள்ளையைத் தெரியும் என்று நினைத்தேன்.

நியூஸ்பேப்பரைத் துணி மேல் திரும்ப வைத்துக் குண்டூசி குத்தினேன். கத்திரியை எடுத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் உள்ளே விட்ட துணியைப் பிரித்து விட்டிருக்கிறேன், வெட்டி எறிந்ததில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். வந்தேன். வாசலில் கீரைக்காரி கூப்பிட்டாள், வேண்டாதபோதும் இரண்டு கட்டு வாங்கினேன். கடைசியில் வேறு வேலை எதுவும் பாக்கி இல்லாமல் போனதும் உட்கார்ந்து வெட்டினேன். கருநீலக் கீற்றுகள் மடியில் விழுந்தன. அப்போது அழுதேன், சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து நான் அவளுக்குத் தைத்ததெல்லாம் அப்போது இருந்த பிள்ளைக்கு இல்லை, வரப்போகிற பிள்ளைக்கு. எதிரில் நின்றவளை நான் ஒழுங்காக அளந்ததே இல்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் மறுபடி போட்டாள். முக்கோணங்கள் சந்தித்த இடத்தில் துணி ஒரு சுருக்கம் இல்லாமல் படிந்து இறங்கியது. கையைத் தூக்கினாள், குனிந்தாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாள். "பாக்கெட் வச்சிருக்கலாம்மா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஃபிரிட்ஜ் மேலிருந்து போனை எடுத்துக் கண்ணாடியில் தன்னைப் படம் பிடித்தாள். பிறகு அவளே அயர்ன் பண்ணி, பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தாள்.

திங்கட்கிழமை காலை அவள் ஆபீஸ் வாசலில் நின்று எடுத்த படம் வந்தது. என் வீட்டுக்காரர் விரலால் பெரிதாக்கி அவள் முகத்தைப் பார்த்தார். நான் போனைப் பிடுங்கி மார்புத் தையலைப் பார்த்தேன்.

நாலு மாசம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் பண்ணினாள். சாப்பாடு, மழை, கூடத் தங்கியிருக்கிற பெண்ணின் குறட்டை என்று என்னென்னவோ பேசினாள். பிறகு குரலைத் தணித்தாள். "அம்மா, அந்த நீல டிரெஸ் இறுக்குதும்மா."

"எம்புட்டு இறுக்குது?"

"நிக்கலாம். உக்கார முடியல." பிறகு கேட்டாள், "உள்ள துணி ஏதும் விட்டுருக்கியா?"

எனக்குள் எழுந்த சந்தோஷத்தை ஒளிக்க மாட்டேன். நல்ல தாய்க்கு வரக்கூடாத சந்தோஷம் அது. நான் சொன்னேனா இல்லையா என்று கேட்க நாக்குத் துடித்தது. ஆனால் அந்தக் கீற்றுகள் என் துண்டுத்துணிப் பையில் சுருண்டு கிடந்தன, அவற்றை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

"இல்லத்தா. பூராத்தையும் வெட்டிட்டேன்."

"ம்," என்றாள்.

அப்போதுதான் பீரோ மேல் பார்த்தேன். சுருட்டி வைத்த தாள் அப்படியே இருந்தது. ஆறு கோடுகளும் அதில் இருந்தன. குண்டாவதை மறந்துவிட்டாள் என்று நான் ஏசிய அந்த அம்மாள், மூன்றாவதுக்கு வெளியே இன்னும் மூன்று கோடு போட்டுத்தான் அனுப்பியிருந்தாள்.

"துணி இல்லை. தாள்ல அடுத்த கோடு இருக்கு," என்றேன். "இன்னொண்ணு தச்சு அனுப்புறேன். பாக்கெட்டோட."

"இப்ப இருக்கிற அளவுக்குத் தையும்மா," என்றாள். "இந்தா, டேப் இருக்கு, நானே அளந்து சொல்றேன், எழுதிக்கோ." சொன்னாள். எழுதிக்கொண்டேன்.

தாளைத் தரையில் விரித்து, அடியில் நியூஸ்பேப்பரை வைத்து, நாலாவது கோட்டின் மேல் சக்கரத்தை உருட்டினேன். பக்கத் தையல் வந்தபோது என் கை தன்பாட்டுக்கு வெளியே நகரப் பார்த்தது. நிறுத்தி, அவள் சொன்ன எண்ணை இன்னொரு தடவை வாசித்துவிட்டு, சக்கரத்தைக் கோட்டின் மேல் திரும்ப வைத்தேன்.